கட்டைவிரலுக்கு எத்தனை சதவீதம்? வேலைக்காய இழப்பீட்டுத் தாள்களைப் படிக்கும் முறை

பல்லடம் பக்கம் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் வேலை பார்த்தபோது நடந்தது இது. இரவு ஷிப்டில் ஒரு ஹெல்பருக்கு இரண்டு விரல்கள் மிஷினில் மாட்டி நசுங்கிவிட்டன. கூடப் போன சூப்பர்வைசர் ஆஸ்பத்திரி வாசலிலேயே அவரிடம், "வீட்டுல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடு தம்பி, இல்லீன்னா போலீஸ், கேஸுன்னு அலையோணும்" என்று சொல்லிவிட்டார். அந்த வரிதான் டிஸ்சார்ஜ் தாளிலும் ஏறியது. நான் வருகைப் பதிவேட்டில் 'சிக் லீவ்' என்று போட்டேன். அந்த இரண்டு சொற்களால் அவருக்கு எவ்வளவு பணம் போனது என்பது எனக்கு விளங்கவே இரண்டு வருடம் ஆனது. அப்போது எனக்குத் தெரியாமல் போன சொற்களைத்தான் இங்கே எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு பேனாவும் உங்கள் சம்பளச் சீட்டும் இருந்தால் நல்லது.

படி 1: நீங்கள் எதன் கீழ் வருகிறீர்கள்?

சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். உங்களிடமிருந்து 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் போடுவார். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1955இல் முதலில் தொடங்கியதே கோவையில்தான். சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியை நம் பக்கத்து மில் குடும்பங்களில் தெரியாதவர் இருக்க மாட்டார்கள்.

பிடித்தம் இல்லை, ஆறேழு பேர் மட்டும் வேலை செய்யும் லேத் பட்டறை, நாலு தறி போட்ட கூடம், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி என்றால், இழப்பீடு தர வேண்டியவர் முதலாளியே. இதைத்தான் ஊரில் 'டபிள்யூ.சி.' என்கிறார்கள். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய பெயர் வொர்க்மென்ஸ் காம்பென்சேஷன். 2010இல் பெயரை எம்ப்ளாயீஸ் காம்பென்சேஷன் என்று மாற்றினார்கள். இப்போது அந்தச் சட்டமும் 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டமும் சேர்ந்து, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறினாலும் கீழே சொல்லப்போகும் கணக்கு முறை மாறவில்லை.

ஒரே விபத்துக்கு ஈ.எஸ்.ஐ., டபிள்யூ.சி. இரண்டிலும் கேட்க முடியாது. ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு ஈ.எஸ்.ஐ. மட்டும்தான்.

படி 2: 'வேலைக்காயம்' என்ற சொல்லைப் பதிய வையுங்கள்

எனக்கு முக்கியமான படி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் வாசகம், 'வேலையின் காரணமாக, வேலையின்போது ஏற்பட்ட காயம்'. இதற்குப் பெயர் வேலைக்காயம். பணிக்காயம் என்றும் எழுதுவார்கள். வீட்டில் விழுந்தது, காய்ச்சல், வயிற்றுவலி எல்லாம் 'நோய்' என்ற கணக்கில் போகும். ஈ.எஸ்.ஐ.யில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. நோய் என்றால் சராசரித் தினக்கூலியில் 70 சதவீதம், அதுவும் வருடத்துக்கு 91 நாள் வரைதான். அதற்கு முன்பே குறிப்பிட்ட நாள்கள் வேலை செய்து சந்தா கட்டியிருக்கவும் வேண்டும். வேலைக்காயம் என்றால் 90 சதவீதம், குணமாகும் வரை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. அதன்பிறகும் ஊனம் நின்றுவிட்டால், வாழ்நாள் முழுக்க மாதா மாதம் பணம் வரும். 'வீட்டில் விழுந்தேன்' என்று சொன்ன அந்தத் தம்பி இழந்தது இதையெல்லாம்தான்.

அதனால் அடிபட்ட அன்றே மூன்று தாள்களில் ஒரே செய்தி இருக்கிறதா என்று பாருங்கள்: கம்பெனியின் விபத்துப் பதிவேடு, ஈ.எஸ்.ஐ.க்கு முதலாளி அனுப்பும் விபத்து அறிக்கை, ஆஸ்பத்திரி முதல் சீட்டு. எந்த மிஷின், எத்தனை மணி, யார் பக்கத்தில் இருந்தார் என்பது மூன்றிலும் ஒத்துப்போக வேண்டும். டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்கும்போது நடந்ததைச் சொல்லுங்கள். வலியில் இருப்பவரால் முடியாவிட்டால் கூட வந்தவர் சொல்லலாம்.

"என் கவனக்குறைவுதாங்க" என்று பலர் தாங்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்த இழப்பீட்டுக்கு யார் தவறு என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. குடித்திருந்தது, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றியது போன்ற சில விலக்குகள் உண்டு. உயிர் போனாலோ நிரந்தர முழு ஊனம் ஆனாலோ அந்த விலக்குகளும் செல்லாது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும் திரும்பும்போதும் வழியில் நடக்கும் விபத்தையும், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால், புதிய சட்டம் வேலைக்காயமாகவே எடுத்துக்கொள்கிறது. அவிநாசி ரோட்டில் விடிகாலை ஷிப்டுக்கு மொபெட்டில் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

படி 3: ஊனம் மூன்று வகை

தற்காலிக ஊனம்: குணமாகி மறுபடி வேலைக்குப் போக முடியும். டபிள்யூ.சி.யில் இதற்கு 'அரைமாதத் தொகை' என்று பெயர். மாதக் கூலியில் 25 சதவீதத்தை அரை மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். அப்படியென்றால் மாதத்துக்குப் பாதிக் கூலி. அதிகபட்சம் ஐந்து ஆண்டு. 'காத்திருப்புக் காலம்' என்றால் பணம் கிடைக்காத முதல் மூன்று நாள். ஊனம் 28 நாளோ அதற்கு மேலோ நீடித்தால் அந்த மூன்று நாளுக்கும் சேர்த்தே தர வேண்டும்.

நிரந்தரப் பகுதி ஊனம்: விரல் போனது, ஒரு கண் பார்வை போனது போன்றவை.

நிரந்தர முழு ஊனம்: இனி எந்த வேலையும் செய்ய முடியாத நிலை.

படி 4: கணக்குப் போடுங்கள்

கோவை கணபதிப் பகுதியில் ஒரு சின்னப் பட்டறை, ஈ.எஸ்.ஐ. இல்லை என்று வைத்துக்கொள்வோம். பவர் பிரஸ்ஸில் 30 வயதுக்காரர் ஒருவரின் கட்டைவிரல் முழுதாகப் போய்விட்டது. கூலி மாதம் 18,000.

முதலில் கூலி. கணக்குக்கு எடுக்கும் மாதக் கூலிக்கு 2020இல் 15,000 என்று வரம்பு வைத்தார்கள். அதனால் 18,000 வாங்கினாலும் 15,000 என்றே எடுக்க வேண்டும். முழு ஊனத்துக்கு அதில் 60 சதவீதம், 9,000. இறப்பு என்றால் 50 சதவீதம்.

அடுத்து 'காரணி'. வயதுக்கு ஏற்ப சட்டத்தின் அட்டவணையில் ஓர் எண் இருக்கும். 30 வயதுக்கு 207.98. பெருக்கினால் 18,71,820. இது முழு ஊனத்துக்கான தொகை.

கடைசியாக 'சம்பாதிக்கும் திறன் இழப்பு'. கட்டைவிரலுக்கு அட்டவணையில் 30 சதவீதம். ஆக 5,61,546 ரூபாய்.

இதில் வயதைக் கவனியுங்கள். அதே ஆளுக்கு 40 வயது என்று தாளில் ஏறியிருந்தால் காரணி 184.17 ஆகிவிடும், தொகை 4,97,259 ஆகக் குறையும். அறுபத்து நாலாயிரத்துக்கு மேல் போய்விடும். ஆதாரில் வயது தப்பாக இருப்பவர்கள் நம் பக்கம் நிறைய. பள்ளிச் சான்றிதழை எடுத்து வையுங்கள்.

சதவீதம் என்ற சொல்லிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டாக்டர் எழுதும் உடல் ஊன சதவீதமும், சம்பாதிக்கும் திறன் போன சதவீதமும் ஒன்றல்ல. எழுபதுகளில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு தச்சரின் வழக்கு வந்தது. இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. ஒரு கையை வைத்துத் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் இது முழு ஊனமே என்ற தீர்ப்பை நீதிமன்றம் உறுதி செய்தது. கட்டிங் மாஸ்டருக்கு வலது கட்டைவிரல் போவதும், வாட்ச்மேனுக்குப் போவதும் ஒன்றா என்று கேளுங்கள். உங்கள் வேலையில் அந்த விரல் என்ன செய்கிறது என்பதை மனுவில் விவரமாக எழுதச் சொல்லுங்கள்.

படி 5: பாலிசிச் சொற்கள்

முதலாளி டபிள்யூ.சி. பாலிசி எடுத்திருந்தால், அவர் 'காப்பீடு செய்தவர்', நீங்கள் பலன் பெறுபவர். எத்தனை பேர், எவ்வளவு கூலி என்று அவர் எழுதிக்கொடுத்ததை வைத்துத்தான் 'பிரீமியம்'. பட்டறை நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: புதிதாக ஆள் சேர்த்தால் பாலிசியிலும் சேருங்கள். மருத்துவச் செலவு பாலிசிக்குள் இருக்கிறதா என்று ஏஜென்டிடம் கேட்டுவிடுங்கள். பல பாலிசிகளில் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சட்டப்படி வேலைக்காயத்தின் சிகிச்சைச் செலவு முதலாளியுடையது. பாலிசி தராவிட்டால் அது பட்டறை நடத்தும் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

கான்ட்ராக்டர் வழியாக வந்த ஆளா? அப்போது 'முதன்மை முதலாளி' என்ற சொல் உதவும். யாருடைய தொழிலுக்காக வேலை நடந்ததோ அவரிடமே கேட்கலாம். பிறகு அவர் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வார்.

படி 6: மனு

பணம் ஒரு மாதத்துக்குள் வர வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. நியாயமான காரணம் இல்லாத தாமதம் என்றால் அதற்கு மேல் 50 சதவீதம் வரை அபராதம் போட, இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு.

இறப்பில் 'டெபாசிட்' என்ற சொல் வரும். இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். துக்க வீட்டுக்கு வந்து கையில் கொஞ்சம் கொடுத்து, "இனி எதுவும் கேட்கமாட்டோம்" என்று எழுதி வாங்கினால் அந்தத் தாளால் உரிமை போய்விடாது. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். 1923ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது இரண்டே ஆண்டு. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை, குடியிருக்கும் ஊரிலும் போடலாம். திருப்பூரில் அடிபட்டு ஒடிசாவுக்கோ பீகாருக்கோ திரும்பும் ஆளுக்கும் இது பொருந்தும். ரயிலுக்குப் போகும் முன் அவர் பையில் ஆஸ்பத்திரி முதல் சீட்டு, டிஸ்சார்ஜ் தாள், சனிக்கிழமைக் கூலி வாங்கியதற்கு ஏதாவது ஆதாரம், வயதுச் சான்று, விபத்துப் பதிவேட்டுப் பக்கத்தின் போட்டோ, பக்கத்து மிஷின்காரரின் போன் நம்பர் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.