தனியாக வாசித்தால் பிரமாதம், பேண்டில் காணோம்: பேஸ் கிட்டாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஹெட்போன் மாட்டி வாசிக்கும்போது கனமாகக் கேட்ட பேஸ், டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் சேர்ந்ததும் எங்கோ போய்விடுகிறது. இல்லையென்றால் ஹால் முழுக்க ஒரே ‘கும்ம்’ இரைச்சல்; எந்த நோட் என்று யாருக்கும் பிடிபடாது. கல்லூரி பேண்ட், சர்ச் பேண்ட், வார இறுதியில் மட்டும் கூடும் ஆபீஸ் நண்பர்கள், மெல்லிசைக் குழு என்று எதுவானாலும் புகார் இந்த இரண்டில் ஒன்றுதான். தனியாக வாசிக்கையில் காதுக்கு இதமாக இருக்கும் பழக்கங்களை அப்படியே பேண்டுக்குள் கொண்டுவருவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம்.

முதலில் டோன். ஆம்பில் பேஸ் (கீழ் ஒலி), ட்ரெபிள் (மேல் ஒலி) குமிழ்கள் இரண்டையும் ஏற்றி, மிட்டை (நடு ஒலி) இறக்கி வைப்பது வீட்டில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பேண்டில் கீழே கிக் டிரம்மும் மேலே சிம்பலும் கிட்டாரும் அந்த இடங்களை நிரப்பிவிடும். பேஸுக்கு மிச்சமிருந்த ஒரே இடம் நடுப்பகுதி. அதைத்தான் நீங்களே குறைத்து வைத்திருக்கிறீர்கள். நான்கு கம்பிகளில் மிகத் தடிமனான இ கம்பியைத் திறந்து, அதாவது ஃப்ரெட்டில் அழுத்தாமல், மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ். மற்ற ஏ, டி, ஜி கம்பிகளுக்கு 55, 73, 98. சின்ன ஆம்பின் 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸை ஒழுங்காகத் தள்ளுவதே இல்லை. நாம் இ என்று அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் மேல் அதிர்வுகளான 82, 123, 164 ஹெர்ட்ஸைக் கேட்டுத்தான். எனவே கேட்கவில்லையே என்று பேஸ் குமிழை முழுக்கத் திருப்பினால் ஆம்பின் சக்தி வீணாகும், ஸ்பீக்கர் திணறும், நோட் தெளிவாகாது.

எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். பேஸ் குமிழைச் சற்றே குறைத்து, 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான லோ-மிட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவது போல இருக்கும். இருக்கட்டும், பேண்டோடு சேரும்போது அதுதான் எடுபடும். சரிபார்க்க ஒரு வழி: ரிகர்சலைப் போனில் பதிவு செய்து, போனின் சின்ன ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். அதில் கீழ் அதிர்வு எதுவும் வராது. அப்படியும் பேஸ் என்ன நோட் வாசிக்கிறது என்று புரிந்தால் மிட் போதுமானது.

இதே கோளாறுக்கு இன்னொரு காரணம் கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, இருக்கும் இடம். தரையில் வைத்த கேபினெட்டுக்கு அரை மீட்டர் முன்னால் நின்றால், தெளிவைத் தரும் மேல் பகுதி உங்கள் முழங்காலோடு கடந்துபோகும். நீங்கள் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றுவீர்கள், ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவர் காதைப் பொத்துவார். கேபினெட்டை ஒரு ஸ்டூல் மீதோ பெட்டி மீதோ ஏற்றி, இல்லையென்றால் பின்னுக்குச் சாய்த்து, ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்கும்படி வையுங்கள். சுவர் மூலையில் வைத்தால் கீழ் அதிர்வு பெருகும். பிளைவுட் மேடை உள்ளே காலியாக இருப்பதால் தானும் சேர்ந்து அதிரும். அடியில் தடிமனான ஃபோம் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நோட் தொடங்கும் இடம் மட்டுமல்ல, முடியும் இடமும்

கிக்கோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைப் பலரும் நோட்டைத் தொடங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நோட் எங்கே அறுபடுகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் ஓர் அடியின் நீளம் சுமார் 0.67 வினாடி. முதல் அடியில் மீட்டிய நோட்டை இரண்டாம் அடியில் ஸ்நேர் விழும்வரை இழுத்து, அந்த நொடியில் நிறுத்திப் பாருங்கள். ஸ்நேர் தனியாகத் துள்ளி எழும். அதே நோட்டை ஸ்நேருக்கு மேலும் இழுத்தால் தாளம் மந்தமாகும். அடித்த நோட்டும் வேகமும் மாறவில்லை, ஆனாலும் பாட்டு இழுப்பது போலத் தோன்றும். டிரம்மர் இழுக்கிறார் என்று பழி சொல்வதற்கு முன் உங்கள் நோட் நீளத்தைச் சோதியுங்கள்.

நிறுத்துவதற்கு இரண்டு கையும் வேண்டும். இடது கை விரலை ஃப்ரெட்டிலிருந்து முழுக்க எடுத்தால் திறந்த கம்பி ஒலித்துவிடும். அழுத்தத்தை மட்டும் தளர்த்தி, விரலைக் கம்பி மேலேயே விடுங்கள். வலது கைக் கட்டை விரலைப் பிக்கப் மீது நிரந்தரமாக ஊன்றாமல், டி, ஜி கம்பிகளுக்குப் போகும்போது இ, ஏ கம்பிகளின் மேல் நகர்த்தி வைத்தால் அவை தானாக அதிராது. வீட்டில் சின்ன ஆம்பில் காதில் விழாத இந்த அதிர்வுதான் பெரிய சிஸ்டத்தில் முதலில் சொன்ன ‘கும்ம்’.

தபலா, டோலக் வைத்த குழுவில் கிக்கைத் தேடிப் பயனில்லை. தபலாவின் இடது கை முழக்கம்தான் அங்கே கிக். 6/8 நடையில் பல பேஸிஸ்டுகள் ஆறு எண்ணிக்கையையும் நிரப்புகிறார்கள்; ஒன்று, நான்கு இரண்டையும் பிடித்து, ஆறில் ஒரு எடுப்பு வைத்தாலே நடை உறுதியாக நிற்கும்.

கவர் பாடல்களில்

இணையத்தில் கிடைக்கும் கார்டு ஷீட்டைப் பார்த்து ஒவ்வொரு கார்டுக்கும் அதன் ரூட்டை (கார்டின் பெயரிலுள்ள நோட்டை) மட்டும் வாசிப்பது பல பாடல்களுக்குப் போதும். இளையராஜா பாடல்களுக்குப் போதாது. அங்கே பேஸ் தனி மெட்டாக நகரும். சி மேஜர் ஒலிக்கும்போது பேஸ் இ-யில் நிற்கலாம், ஜி-யில் நிற்கலாம். அந்த இடத்தில் நீங்கள் சி வாசித்தால் தவறான நோட் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பாட்டு தட்டையாகிவிடும், ஏன் என்றும் யாருக்கும் தெரியாது. பதிவைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வேகத்தை 70–75 சதவீதமாக்கி, ஒரு ஆக்டேவ் மேலே ஏற்றிக் கேட்டால் புதைந்திருக்கும் பேஸ் வெளியே வரும். கேசட்டிலிருந்து எடுத்த பழைய பதிவுகள் சுருதியில் கொஞ்சம் விலகியிருக்கும். அதற்காக உங்கள் பேஸை மாற்றி ட்யூன் செய்யாமல், ஆப்பில் பதிவின் சுருதியைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது கீபோர்டு வாசிப்பவரின் இடது கை. பேஸிஸ்ட் இல்லாத காலத்தில் பழகியவர் என்றால் அவரே பேஸையும் வாசித்துக்கொண்டிருப்பார். ஒரே ஆக்டேவில் இருவர் வாசித்தால் இருவருமே கேட்கமாட்டார்கள். இதை ரிகர்சலின் முதல் பத்து நிமிடத்தில் பேசி முடிவு செய்யுங்கள்: நடு சி-க்குக் கீழே ஒரு ஆக்டேவுக்கும் தாழ்வாக அவர் போக வேண்டாம். கொஞ்சம் மனத்தாங்கல் வரலாம், பரவாயில்லை.

பாடகர் ‘அரைக் கட்டை இறக்குங்க’ என்று சொல்லும் தருணம் நான்கு கம்பி பேஸிஸ்டுக்குச் சோதனை. மூன்று கட்டையில், அதாவது இ ஸ்கேலில் இருந்த பாட்டு இரண்டரைக் கட்டைக்கு வந்தால் அடிநோட்டு டி ஷார்ப். அது உங்கள் பேஸில் இல்லை. கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுவார். மேடையில் இதை அப்போதே சமாளிக்க முயன்று, ஒரு ஆக்டேவ் மேலே வாசித்தால் அடித்தளம் காணாமல் போகும். நான்கு கம்பியையும் அரைக் கட்டை இறக்கலாம். ஐந்து கம்பி பேஸ் கொண்டுவரலாம். அல்லது அடிநோட்டை மட்டும் மேலே எடுத்து மற்றதைக் கீழேயே வைத்து லைனை மாற்றி எழுதலாம். எதுவானாலும் ரிகர்சலிலேயே முடிவாக வேண்டும். பாடல் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே கட்டையையும் ட்யூனிங்கையும் எழுதி, இறக்கிய ட்யூனிங் பாடல்களை அடுத்தடுத்து வையுங்கள்.

கருவியைப் பார்க்காமல் விடுவது

ஓங்கி மீட்டினால் சத்தம் கூடும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. அதற்குமேல் கம்பி ஃப்ரெட்டில் மோதும், நோட்டின் சுருதி முதல் கணத்தில் மேலே ஏறும். ஆம்பை ஏற்றிவிட்டு மெதுவாக மீட்டுங்கள். ட்யூன் செய்யும்போதும் மேடையில் வாசிக்கும் அதே பலத்தில்தான் மீட்ட வேண்டும். ட்யூனர் இ கம்பியைப் பிடிக்கத் தடுமாறினால் 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை (கம்பியை அழுத்தாமல் அந்த ஃப்ரெட்டுக்கு மேலே லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) கொடுங்கள்.

இடது கையில், முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று கிட்டார் பாணியில் விரிப்பது மணிக்கட்டை வாட்டும். பேஸின் கம்பி நீளம் வழக்கமாக 34 அங்குலம், கிட்டாருக்கோ சுமார் 25. பேஸின் அந்த முதல் ஐந்து ஃப்ரெட்டில் ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களால் மூன்று ஃப்ரெட்டைப் பிடியுங்கள்.

செட்டப்பில் வரிசை முக்கியம்: முதலில் நெக், பிறகு கம்பி உயரம், கடைசியாக இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக இருப்பது). முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்தினால் 7 அல்லது 8ஆம் ஃப்ரெட்டில் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் கம்பியான ட்ரஸ் ராடை ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். 12ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் இ பக்கம் 2.5, ஜி பக்கம் 2 மி.மீ. அளவில் தொடங்கலாம். பிறகு 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் அதே ஃப்ரெட்டை அழுத்திய நோட்டையும் ஒப்பிடுங்கள். அழுத்திய நோட் மேலே போனால், பிரிட்ஜில் கம்பி தங்கும் சேடிலை நெக்கிலிருந்து விலக்க வேண்டும், கீழே இருந்தால் நெக் பக்கம் நகர்த்த வேண்டும். துருப்பிடித்த பழைய கம்பியில் இதைச் செய்வது நேர விரயம். புதுக் கம்பி மாட்டும்போது தலைப்பகுதி குச்சியைத் தாண்டிச் சுமார் 10 செ.மீ. விட்டு, முதலில் செங்குத்தாக மடித்து, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல் சுற்று உள்ளே நழுவி, கம்பி பிறந்த அன்றே செத்த ஒலி தரும்.

ஆக்டிவ் பேஸில் (உள்ளே பேட்டரியில் இயங்கும் சர்க்யூட் உள்ள பேஸ்) கேபிளைச் செருகி வைத்தாலே 9 வோல்ட் பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுங்கள். பேட்டரி இறங்கும்போது ஒலி கரகரக்கும். கேபிள் போச்சு, பிக்கப் போச்சு என்று தேடும் முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

மேடையும் மின்சாரமும்

கிட்டார் ஆம்பில் பேஸை மெதுவாக வாசித்தால் ஒன்றும் ஆகாது. டிரம்ஸுக்கு ஈடாக ஏற்றினால் ஸ்பீக்கர் கோன் எல்லை மீறி ஆடிக் கிழியும். டிரம்ஸ் உள்ள பேண்டுக்கு 200–300 வாட்ஸ் பேஸ் ஆம்ப் தேவைப்படும். 8 ஓம் கேபினெட் இரண்டை இணையாக இணைத்தால் 4 ஓம். 4 ஓம் இரண்டு என்றால் 2 ஓம். ஆம்பின் பின்னால் ‘குறைந்தபட்சம் 4 ஓம்’ என்று இருந்தால் இரண்டாவது ஜோடியைத் தொடாதீர்கள். வால்வ் ஆம்பில் அபாயம் வேறு மாதிரி: ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் கிட்டார் கேபிளைப் போடுவதும் வழக்கமான தவறு. பிளக் ஒன்றுதான், உள்ளே இருக்கும் கம்பியோ மெல்லியது, சூடேறி உருகலாம்.

இரைச்சல் வருகிறது என்று பவர் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குவது, இரண்டு பின் அடாப்டர் போடுவது: இதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது. பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் உலோக உடலோடு இணைந்தவை. ஆம்புக்கோ மிக்சருக்கோ எர்த் இல்லாவிட்டால், கையில் கம்பியும் உதட்டில் மைக்கும் தொடும்போது மின்சாரம் உங்கள் உடல் வழியே பாயும். ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972இல் வேல்ஸின் ஸ்வான்சி மேடையில் இறந்தது எர்த் இல்லாத மைக்கைத் தொட்டுத்தான். பந்தல் மேடைகளில் பாடத் தொடங்கும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பத்து, இருபது வோல்ட் காட்டினாலே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரைச்சலுக்கு, பேஸின் சிக்னலை நேராக மிக்சருக்கு அனுப்பும் டிஐ பெட்டியின் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்சைப் பயன்படுத்துங்கள். அது சிக்னல் கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும். ஆம்பின் எர்த் அப்படியே இருக்கும்.

ஆம்பிலிருந்தே டிஐ கொடுத்தால் ‘ப்ரீ’ நிலையில், அதாவது சிக்னல் ஆம்பின் டோன் குமிழ்களுக்கு முன்பே பிரியும்படி, வையுங்கள். ‘போஸ்ட்’ வைத்தால் மேடையில் நீங்கள் குமிழைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஹாலின் ஒலியும் மாறும். சவுண்ட் செக்கில் கூச்சப்பட்டு மெதுவாக வாசிப்பது, நிகழ்ச்சியில் ஓங்கி வாசிப்பது இரண்டும் சேர்ந்தால் மிக்சர் சிவப்புக்குப் போகும். பட்டியலிலேயே சத்தமான பாட்டின் சரணத்தை வாசித்துக் காட்டுங்கள். ஸ்லாப் (கட்டை விரலால் கம்பியைத் தட்டி வாசிப்பது) உண்டென்றால் அதையும் சேர்த்து.

சொந்தப் பாடல்களில்

கவர் வாசிக்கும்போது பின்பற்ற ஒரு பதிவு இருக்கிறது. சொந்தப் பாட்டில் இல்லை என்பதால், பாடல் வரி எழுதும் முன்பே பேஸிஸ்ட் எல்லா இடத்தையும் நிரப்பிவிடுகிறார். பாடகர் மூச்சு விடும் இடம்தான் உங்கள் ஃபில்லுக்கு (இடைவெளியை நிரப்பும் சின்ன வாசிப்புக்கு) இடம். மெட்டு முடிவான பிறகு லைனை எழுதுங்கள். கிட்டார் ரிஃபை அப்படியே ஆக்டேவ் கீழே வாசிப்பது கனம் தரும். நான்கு நிமிடமும் அதையே செய்தால் கோரஸ் வரும்போது ஏற்றுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. முதல் சரணத்தில் பேஸே வேண்டாம் என்று முடிவெடுக்கவும் துணிய வேண்டும்.

பதிவின்போது அளவை உச்சத்தில் −10 முதல் −6 டெசிபலுக்குள் வையுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூன் பாருங்கள். ஆம்ப் முன் மைக் வைத்துப் பதிவு செய்தாலும், எஃபெக்ட் எதுவும் இல்லாத டிஐ ட்ராக் ஒன்றையும் சேர்த்தே எடுங்கள். மிக்ஸிங்கில் டோன் பிடிக்கவில்லை என்றால் டிஐ-யை வேறு ஆம்ப் வழியாக மறுபடி அனுப்பலாம். அது இல்லையென்றால் பாட்டு முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டியதுதான்.