தெரபிஸ்ட்டைத் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

நான் முதன்முதலில் கவுன்சிலிங் போனது பெரம்பூரிலிருந்து அடையாறுக்கு. 29சி பஸ், சாயங்கால நெரிசல், போக மட்டும் ஒன்றரை மணி நேரம். பெயர் கொடுத்தது பெரியம்மா. "ரொம்பப் பெரிய ஆளு, நம்ம சொந்தத்துலயே ரெண்டு பேரு அவங்ககிட்டதான் போறாங்க" என்றார். ஐம்பது நிமிட செஷனில் பாதி நேரம் எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதிலேயே போனது. மூன்றாவது வாரம் நான் போகவில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "கவுன்சிலிங்கே நமக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டி, இன்னும் இரண்டு வருடம் சரியான தூக்கமில்லாமல் கழித்தேன். எனக்கு ஒத்துவராதவர் அந்த ஒருவர்தான் என்று எடுத்துச் சொல்ல அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் குழப்பம், யார் என்ன வேலை செய்பவர் என்பதே. சைக்கியாட்ரிஸ்ட் எம்பிபிஎஸ் முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். பேசிச் சரிசெய்யும் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் அவர் வேலை. அவர் ஆர்சிஐ என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், முறையாகப் படித்தவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். "கவுன்சிலர்" என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். இரண்டு வருடம் எம்.எஸ்சி. படித்து, மூத்தவர்களின் மேற்பார்வையில் பழகிய அருமையான கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். சில வாரச் சான்றிதழோடு போர்டு மாட்டியவர்களுக்கும் அதே பெயர்தான். என்ன படித்தீர்கள், யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள் என்று போனிலேயே கேட்டுவிடலாம். நாள்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாருமில்லாதபோது குரல் கேட்கிறது என்றால் முதலில் சைக்கியாட்ரிஸ்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது மொழி. சென்னையில் இதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். அடையாறில் அவர் "ஹவ் டிட் யூ ஃபீல்?" என்று கேட்டார். ஆபீஸில் நாள் முழுக்க இங்கிலீஷில் பேசுகிறவள்தான் நான். ஆனால் அப்பா என்னோடு பேசாமல் இருந்த ஆறு மாதத்தைச் சொல்ல அந்த மொழியில் எனக்கு வார்த்தை வரவில்லை. "சேட்" என்றேன். அவரும் எழுதிக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து வேறொருவரிடம், "உள்ளுக்குள்ள பொருமிக்கிட்டே இருக்கு மேடம்" என்று வாயில் வந்ததை அப்படியே சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "பொருமலா? யாரைப் பாத்தா வருது?" என்றார். அன்றைய செஷன் முழுக்க அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டே போனோம். அழுகை, கோபம், அப்பா எல்லாம் அதற்குள்ளேதான் இருந்தன. நீங்கள் வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுகிறீர்களோ, அந்த மொழி தெரிந்தவரைத் தேடுங்கள். அது தெலுங்காக இருக்கலாம், உருதுவாக இருக்கலாம். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "தமிழ்லயே பேசலாமா?" என்று கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை.

சொந்தக்காரர்கள் சொன்னார்கள் என்பதற்காக அவர்களுக்குப் பழக்கமானவரிடமே போவது இன்னொரு தவறு. நாம் சொல்வதை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, ரகசியம் காக்கப்படுவதை நம் உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகள் மட்டுமே விதிவிலக்கு. ஆனாலும் அம்மாவுக்குத் தெரிந்தவரிடம் அம்மாவைப் பற்றி எப்படி மனம் விட்டுப் பேசுவது? அவர் நல்லவராகவே இருக்கட்டும், நாம் வார்த்தையை எண்ணி எண்ணித்தான் பேசுவோம்.

தூரத்தையும் செலவையும் முதலிலேயே கணக்குப் பார்க்காமல் விடுவதும் அப்படித்தான். பல மாதம் போக வேண்டியிருக்கும். எவ்வளவு ஃபீஸ், எத்தனை நிமிடம், கடைசி நேரத்தில் வர முடியாவிட்டால் பணம் கட்ட வேண்டுமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் பேசலாம், ஆனால் ஒரே ரூமில் நான்கு பேர் இருக்கும் வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதையும் யோசியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் மொட்டை மாடியில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பேசுகிறார்.

கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோமே, அதைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே இருக்கும் அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. ஒரு தோழிக்குத் துணையாகப் புறநோயாளிகள் பிரிவில் ஒருநாள் காலை உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் மஞ்சப்பை. அதற்குள் மகனுடைய பல வருடத்துச் சீட்டுகள், தேதி வாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். உள்ளே டாக்டர் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்ததாக வெளியே வந்து நிம்மதியாகச் சொன்னார். கூட்டம் அதிகம், ஐம்பது நிமிடம் உட்கார்ந்து பேச அங்கே நேரம் கிடைக்காது. ஆனால் மருந்து தேவைப்பட்டு, கையில் காசில்லை என்றால் தயங்காமல் போக வேண்டிய இடம் அது. மனச்சிதைவுக்கென்றே 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப், குடிப்பழக்கத்துக்கு டி.டி.ரங்கநாதன் மையம் என்று குறிப்பிட்ட பிரச்சினைகளுக்கும் இந்த ஊரில் இடங்கள் உண்டு.

சில விஷயங்களில் பொறுமையே கூடாது. ஜாதகம் பார்க்கச் சொல்பவர், நீங்கள் சொல்வதைக் கேட்பதற்கு முன்பே "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பவர், தன்பாலின ஈர்ப்பை "மாத்திடலாம்" என்பவர், இவர்களிடம் இரண்டாவது முறை போகாதீர்கள். பாலின ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 உத்தரவில் தடை விதித்தது. அந்த உத்தரவுக்கு முன், தனக்கே புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டறிந்தவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். அந்த அளவு பணிவு நம் எதிரே உட்காரும் தெரபிஸ்ட்டிடமும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான்.

உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் ராத்திரியில் பொருத்தமானவரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416, தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. இந்த ஊரில் 1986 முதல் இதற்கென்றே சினேகா என்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது.

கடைசியாக, பிடிக்காவிட்டால் சொல்லாமல் நின்றுவிடுவது. முதல் நாளே மனம் ஒட்டாது, மூன்று நான்கு செஷனாவது பாருங்கள். அதற்குப் பிறகும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சை ஒத்திகை பார்க்கத் தோன்றினால், அதையே அவரிடம் சொல்லுங்கள். என் சித்தி பெண் போன வருடம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இது: "மேடம், நாலு செஷன் வந்தேன். என்னால இன்னும் மனசு விட்டுப் பேச முடியல. வேற யாராவது எனக்குச் சரியா இருப்பாங்கன்னு உங்களுக்குத் தோணுதா?" அனுப்பிவிட்டு போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது, இரண்டு பெயர்களோடு. அதில் ஒருவர் அயனாவரத்தில், ஷேர் ஆட்டோவில் போய்விடும் தூரத்தில் இருக்கிறார். இப்போது சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவளைத் தேடினால் அங்கேதான் இருப்பாள்.