மடுவுக்கு நடந்து போகிறவர்களுக்குக் கோயில் மண்டபத்தில் ஓர் இரவு: எப்படித் தொடங்குவது?

மன்னாரில் இருக்கிற மடு மாதா கோயிலின் ஓகஸ்ட் 15 திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து நடந்து போக ஒரு குழு நேர்ந்திருக்கிறது. முதல் நாள் பின்னேரம் கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, விடியமுன் புத்தளம் வீதியைப் பிடிக்க வேண்டும். இடையில் இருக்கிற அந்த இரவு எங்கே படுப்பது? லொட்ஜில் அறை எடுத்தால், வழிச்செலவுக்குச் சேர்த்த காசு முதல் நாளே கரைந்துவிடும். உங்கள் பங்குக் கோயில் மண்டபமோ மறைக்கல்வி வகுப்பு முடிந்தால் வாரம் முழுக்கப் பூட்டியே கிடக்கிறது.

கொட்டாஞ்சேனைப் பக்கம் எங்கள் பங்கில் சில வருடங்களாக இதைச் செய்கிறோம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: ஃபாதரிடம் போகும்போது கணக்கோடு போங்கள்

"நல்ல விஷயம்தான் மகள், ஆனா யார் பார்க்கிறது?" இதுதான் ஃபாதர் கேட்கப்போகிற கேள்வி. ஆகவே இரவு தங்கச் சம்மதித்த இரண்டு பெரியவர்களையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். முதல் தடவை 20 பேருக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓர் இரவு மட்டும், மாலை 6 மணிக்குப் பிறகு வந்து விடியற்காலை போய்விடுவார்கள், சமையல் இல்லை. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

"கட்டில் இல்லையே" என்று பங்குப் பேரவையில் யாராவது தயங்கினால் கிரன்யோனைப் பற்றிச் சொல்லுங்கள். நாம் சந்தியோகுமையோர் என்று கும்பிடும் யாகப்பரின் கல்லறைக்கு ஸ்பெயின் முழுக்க நடந்து போகிற பாதையில் இருக்கிற சின்ன ஊர் அது. அங்கே புனித அருளப்பர் கோயிலோடு ஒட்டிய இடத்தில் நடைப்பயணிகள் தரையில் மெத்தை விரித்துத்தான் படுக்கிறார்கள். கட்டணம் கிடையாது. திறந்த பெட்டி ஒன்று இருக்கும். முடிந்தவர் போடலாம், தேவைப்பட்டவர் எடுக்கலாம். அவ்வளவு தூரம் போகாமலும் சொல்லலாம். பருத்தித்துறையில் வீதிக்கு மேலேயே கல்லால் கூரை போட்ட தெருமூடி மடம் இன்னும் நிற்கிறது. வழிப்போக்கனுக்குத் திண்ணை விடுவது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பழக்கம் இல்லை.

இரண்டாம் படி: பெயர்ப் பட்டியல்

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பில் எந்தக் கோயிலும் முன்பின் தெரியாதவரை இரவில் சும்மா உள்ளே விட முடியாது. குழுத் தலைவரிடம் ஒரு வாரம் முன்பே எல்லோருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டார் தொலைபேசி இலக்கம் வாங்குங்கள். அவர்களுடைய சொந்தப் பங்கிலிருந்து ஒரு கடிதமும் வாங்குங்கள். பொலிஸ் நிலையத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். வாசலில் பைகளைப் பார்க்கும்போது, "குறை நினைக்காதீங்க அண்ணன், எல்லாருக்கும் இதுதான்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். யாரும் கோபித்ததில்லை.

மூன்றாம் படி: தண்ணீர்

ஆளுக்கு 40 லீட்டர் என்று வைத்தாலும் 20 பேருக்கு 800 லீட்டர் வேண்டும். எங்கள் முதல் வருடம் தாங்கியை நிரப்ப மறந்துவிட்டோம். விடியற்காலை மூன்று மணிக்குக் குழாயில் வெறும் காற்று வந்தது. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் எழும்பி, தங்கள் பைப்பிலிருந்து மதிலுக்கு மேலால் ஹோஸ் இழுத்துத் தந்தது. அன்றிலிருந்து மாலை 5 மணிக்கு ஒருவர் ஏணி வைத்து ஏறித் தாங்கியின் மூடியைத் திறந்து கண்ணால் பார்க்கிறார். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்துத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள்.

நான்காம் படி: படுக்கையும் பாதமும்

பாய், விரிப்பு, ஃபேன், நுளம்புச்சுருள் போதும். மண்டபத்தின் நடுவே கயிறு கட்டிச் சேலை போட்டுப் பிரியுங்கள். கக்கூஸ் பக்கம் பெண்களுக்கு. அங்கே விளக்கு விடியும்வரை எரியட்டும். வெளித் தாழ்வாரத்தில் இன்னொரு கயிறு, ஈர உடுப்புக் காயப்போட. சப்பாத்து நனைந்திருந்தால் உள்ளே பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து வைக்கச் சொல்லுங்கள், விடியும்போது பெரும்பாலும் ஈரம் இழுத்துவிடும்.

பாதத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். தூர இடத்திலிருந்து நடந்தே வந்து சேர்கிறவர்களும் இருப்பார்கள். ஒரு வயதான அம்மா செருப்பைக் கழற்றியபோது குதிகாலில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குக் கொப்புளம். பக்கத்தில் இருந்தவர் தோலை உரித்துவிடப் போனார். உரிக்கக் கூடாது. அந்தத் தோல்தான் புண்ணுக்கு மூடி. சவர்க்காரத் தண்ணீரால் மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, சுத்தமான துணி வைத்துக் கட்டினோம். சீனி வருத்தம் உள்ளவர்களைச் சுடுதண்ணீரில் கால் வைக்க விடாதீர்கள், சூடு அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். களைத்து வருகிறவர்களுக்குக் கொடுக்க ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு-சீனித் தூள்) பக்கெட்டுகள் இருக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கமான 1990ஐச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஐந்தாம் படி: இரவுக் காவல்

இரண்டு பேர், முறைமாற்றி விழித்திருக்க வேண்டும். பிள்ளைகள் வந்தால் அவர்கள் தங்கள் பெற்றோரோடுதான் படுக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். செபமாலை முடிந்து ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. பங்கு மக்கள் ஆசையில் பிரியாணி, பாட்டு என்று இழுப்பார்கள். அன்போடு தடுத்துவிடுங்கள், நாளை நடக்கிறவனுக்கு நித்திரைதான் விருந்து. பாண், பருப்பு, சம்பல், ஒரு பிளேன்டீ போதும்.

ஆறாம் படி: விடியற்காலை

மூன்று மணிக்கு எழுப்பி, மூன்றரைக்கு வாசல் திறவுங்கள். வெயில் ஏறமுன் ஜா-எல பக்கம் போய்விடலாம். அந்தப் பாதையில் உங்களுக்குத் தெரிந்த பங்கு ஒன்றோடு முதலே பேசி வையுங்கள். கடைசி ஆள் வளைவில் திரும்பியதும் நான் அங்கே இருக்கிற அக்காவுக்குப் போன் எடுப்பேன்: "பத்தொன்பது பேர் அக்கா, ஒருத்தருக்குக் குதிகால் ஏலாது, எட்டரைக்குள்ள வந்திடுவாங்க." அவர் அடுப்பில் கேத்தலை வைப்பார், நான் பாய்களை வெயிலில் போடப் போவேன்.