கியர் 'பி'-யை விட்டு நகரவில்லையா? முதலில் பிரேக் லைட்டைப் பாருங்கள்

அரிச்சல்முனையில் கடலைப் பார்த்துவிட்டு வந்து ஆட்டோமேட்டிக் காரை எடுக்கப் போகிறீர்கள், கியர் லீவர் 'பி'-யிலேயே (பார்க்கிங்) நிற்கிறது. தயவுசெய்து பலம் போட்டு இழுக்காதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் உடைந்தால் செலவு பெரிசாகிவிடும். கியர்பாக்ஸே போய்விட்டதோ என்ற பயமும் வேண்டாம், பெரும்பாலும் கோளாறு பிரேக் பெடல் பக்கம்தான் இருக்கும்.

பிரேக்கை மிதித்ததும் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்ச் இரண்டு வேலை செய்கிறது: பின்னால் பிரேக் லைட்டை எரிய வைக்கிறது, லீவருக்கு அடியில் இருக்கிற சொலினாய்டுக்கும் (மின்சாரத்தில் இயங்கி லீவரின் பூட்டைத் திறக்கும் சின்னக் கருவி) தகவல் போகிறது. அது 'டக்'கென்று பூட்டை விடுவித்தால்தான் லீவர் நகரும். காலை பிரேக்கில் வைக்காமல் யாரும், முக்கியமாகக் குழந்தைகள், 'டி'-க்கு (டிரைவ், வண்டி முன்னால் போகும் கியர்) தள்ளிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

சரி, எங்கே கோளாறு என்று பார்ப்போம். ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இக்னிஷனை ஆன் செய்து பிரேக்கை மிதியுங்கள், கூட வந்தவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். லைட் எரியவில்லை என்றால் ஃபியூஸ் அல்லது அந்த சுவிட்ச். பட்டன் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால் இன்ஜினும் கிளம்பாமல் அடம்பிடிக்கும், காரணம் அதே சுவிட்ச்தான். லைட் எரிகிறது, ஆனால் 'டக்' சத்தம் கேட்கவில்லை என்றால் சொலினாய்டையோ அதன் ஒயரையோ சந்தேகப்படலாம். பேட்டரி இறங்கியிருந்தாலும் இப்படி ஆகும். மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை என்று கடலோரமாகவே ஓடுகிற வண்டிகளில் உப்புக்காற்று பட்டு ஒயர் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு ஏறிவிடும், அதையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். லீவர் இடுக்கில் இளநீர் சிந்தி, அதன் மேல் மணலும் சேர்ந்தால் பூட்டு விடுபட்டும் லீவர் இறுகியே நிற்கும்.

அவசரத்துக்கு வழி இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிடுங்கள். பல வண்டிகளில் லீவருக்குப் பக்கத்தில் விரல்நுனி அளவு மூடி ஒன்று இருக்கும், அதை ஸ்குரூடிரைவர் நுனியில் துணி சுற்றி நெம்பி எடுங்கள். பிரேக்கை மிதித்தபடியே அந்தத் துளைக்குள் சாவியையோ ஸ்குரூடிரைவரையோ விட்டு அழுத்திக்கொண்டு லீவரை 'என்'-க்கு (நியூட்ரல்) கொண்டுவாருங்கள், 'என்'-னிலேயே ஸ்டார்ட் செய்யலாம். திருகும் குமிழோ பட்டனோ வைத்த புது வண்டிகளில் பொதுவாக இந்தத் துளை இருக்காது, அதற்கு வண்டியோடு தந்த கையேட்டைப் பாருங்கள்.

ஆனால் பிரேக் லைட் எரியாத நிலையில் அப்படியே ஊருக்கு ஓட்டிவராதீர்கள். பாம்பன் பாலத்தில் ரயில் பாலத்தைப் பார்க்க முன்னால் போகிறவர் சட்டென்று நிறுத்துவார், நீங்களும் நிறுத்துவீர்கள், பின்னால் வரும் பஸ்காரருக்கு அது எப்படித் தெரியும்? பக்கத்தில் இருக்கிற மெக்கானிக்கை வரவழைத்து, ஃபியூஸையாவது சுவிட்சையாவது மாற்றிய பிறகு கிளம்புங்கள். அந்த சுவிட்ச் பெரிய விலை கொண்ட சாமான் இல்லை.

"இந்தப் பூட்டே வேண்டாம் சார், எடுத்துவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்ததும் இக்னிஷன் ஆனில் இருக்க, ஹேண்ட் பிரேக்கும் இழுத்திருக்க, பிரேக் பெடலை மிதிக்காமல் லீவரை அசைத்துப் பாருங்கள். நகர்ந்தால் வேலை இன்னும் முடியவில்லை, வண்டியை எடுக்காதீர்கள்.