ஜாக் கதையைப் பிள்ளைகளுக்கு எங்கே தொடங்கிச் சொல்வது

டர்பனில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில்தான் அவ்வளவாக வராது. அதனால் ராத்திரி படுக்கையில் நான் கதையைத் தமிழில் சொல்வேன். அதற்கு இந்த நாட்டுக் கதையே தோது: பெர்சி ஃபிட்ஸ்பேட்ரிக் 1907இல் வெளியிட்ட 'ஜாக் ஆஃப் தி புஷ்வெல்ட்', ஜாக் என்ற அவருடைய நாயின் கதை. அதுவும் அவர் முதலில் தன் பிள்ளைகளுக்குத் தூங்கும்முன் சொன்ன கதைதான்.

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். தங்கம் தேடிப் போனவர்கள், வண்டிப்பாதை என்று பெரியவர்களுக்கே கொட்டாவி வரும். நேரே ஜெஸ் என்ற பெண்நாய் ஆறு குட்டி போட்ட இடத்துக்குப் போய்விடுங்கள். ஐந்து கொழுகொழு, ஆறாவது எலி மாதிரி நோஞ்சான், தண்ணீரில் அமுக்கிவிடலாம் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, ஃபிட்ஸ்பேட்ரிக் அதைத்தான் கேட்டு வாங்குகிறார், அதுதான் ஜாக். 1880களில் டெலகோவா விரிகுடாவிலிருந்து தங்க வயல்களுக்கு மாட்டு வண்டியில் சரக்கு போனது, வழியில் செட்சி ஈ கடித்து மாடுகள் செத்தது எல்லாவற்றையும் அப்புறம் நடுவில் நுழைத்துக்கொள்ளலாம்.

ஒரு தப்பு நான் செய்தேன், ஜாக்குக்குக் குரல் கொடுத்துப் பேசவைத்தேன். புத்தகத்தில் அது பேசவே பேசாது. காது நிமிர்வதையும் உடம்பு விறைப்பதையும் பார்த்துத்தான் புதருக்குள் ஏதோ இருக்கிறது என்று எசமானருக்குத் தெரியும், நமக்கும் அப்படித்தான். பின்னால் ஒரு குடு மான் உதைத்து அதற்குக் காது கேட்காமல் போகிறபோது இந்த மௌனம் எப்படிக் கனக்கிறது பாருங்கள்! அதனால் குரல் வேண்டாம், தலையை மட்டும் திருப்பிக் காட்டுங்கள், போதும்.

பழைய பதிப்பானால் முன்கூட்டியே படித்துவிடுங்கள். கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் சொற்கள் அதில் உண்டு. சின்னப் பிள்ளைக்குத் தாண்டிவிடுவேன், பெரியவனுக்கு நிறுத்தி, நம் தாத்தாமாரைக் 'கூலி' என்று கூப்பிட்ட கதையையும் சேர்த்துச் சொல்வேன். ஆனால் ஜிம் என்ற ஜூலு வண்டிக்காரரை விட்டுவிடாதீர்கள், ஜாக்குக்கு அடுத்து உயிருள்ள ஆள் அவர்தான்.

படங்களையும் காட்டுங்கள். முதல் பதிப்பில் சாண வண்டு முன்னங்காலால் உருட்டுவதாக வரைந்துவிட்டார்கள், பின்னங்காலால்தான் உருட்டும், பிறகு திருத்தினார்கள்.

கடைசி அத்தியாயம் ராத்திரிக்கு ஆகாது. இருட்டில் கோழி திருடும் நாய் என்று நினைத்து ஜாக்கைச் சுட்டுவிடுகிறார்கள், திருட்டு நாயையோ அது ஏற்கெனவே கொன்றிருக்கும். நான் சனிக்கிழமை பகலில் படித்தேன். சின்னவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய், முற்றத்தில் கிடந்த எங்கள் நாயை உள்ளே கூட்டிவந்தாள்.