டபுள் ஓ கேஜ் வேகனில் ஆடும் சக்கரத்தைச் சரிசெய்வது எப்படி?

பிரிட்டிஷ் டபுள் ஓ கேஜ் மாதிரி ரயிலின் (நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு அளவு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.) நான்கு சக்கர சரக்கு வேகனுக்கான செய்முறை இது. 'சக்கரம் ஆடுகிறது' என்று நாம் சொல்வதில் மூன்று வெவ்வேறு கோளாறுகள் உண்டு. சக்கரம் அச்சில் கோணலாக உட்கார்ந்திருக்கலாம். அச்சின் முனை தேய்ந்த ஓட்டையில் லொடலொடக்கலாம். சேஸிஸ் (அடிச்சட்டம்) முறுக்கிக்கொண்டு ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கலாம். எது என்று தெரியும் முன் பசையைத் தொடாதீர்கள்.

தேவையானவை: வெர்னியர் காலிப்பர், ஒரு கண்ணாடித் துண்டு, பேக்-டு-பேக் கேஜ் (இரு சக்கரங்களின் உள்முக இடைவெளியைச் சரியாக வைக்கும் அளவுக்கட்டை), 2 மி.மீ. ட்ரில் பிட், அதைப் பிடிக்கும் கைப்பிடி, பித்தளை பியரிங் 4, முனையோடு முனை 26 மி.மீ. நீள அச்சில் 12 மி.மீ. உலோகச் சக்கர ஜோடி 2.

படி 1: கோளாறைக் கண்டுபிடித்தல்

வேகனைக் கண்ணாடிமேல் வைத்து நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொடுங்கள். ஏதாவது ஒரு மூலையில் 'டக்' என்று ஆடினால் சேஸிஸ் முறுக்கம். பிறகு வேகனைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுண்டிவிட்டு, விளிம்பை நேராகப் பாருங்கள். விளிம்பு இடவலமாக நெளிந்தால் சக்கரமோ அச்சோ கோணல். சக்கரம் நேராகச் சுழன்றும், அச்சை விரலால் தூக்கினால் மேலும் கீழும் நகர்கிறது என்றால் ஓட்டைதான் காரணம்.

படி 2: கழற்றிச் சுத்தம் செய்தல்

அச்சுத்தாங்கியை ஒரு பக்கம் மட்டும் மெதுவாக விரித்து அச்சை வெளியே எடுங்கள். பழைய பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகியிருக்கும். இரு பக்கமும் சேர்த்து விரித்தால் ஒடியும். சக்கரத்தின் ஓடுபரப்பில் ஒட்டியிருக்கும் கருப்புப் பிசுக்கை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட காட்டன் பட்டால் துடையுங்கள். சில சமயம் வேலை இதோடு முடிந்துவிடும். சுற்றுக்கு ஒரு முறை வேகன் துள்ளுவது பெரும்பாலும் இந்தப் பிசுக்காலோ, பிளாஸ்டிக் சக்கரத்தை வார்த்தபோது மிஞ்சிய பிசிறாலோதான்.

படி 3: கோணல் சக்கரம்

இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே காலிப்பரை வைத்து, சுற்றிலும் மூன்று இடங்களில் அளவெடுங்கள். மூன்றும் 14.4 முதல் 14.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இடத்துக்கு இடம் 0.1 மி.மீ.க்கு மேல் மாறினால் ஓடும்போது ஆட்டம் கண்ணுக்கே தெரியும்.

கோளாறு சக்கரத்திலா, அச்சிலா? அதிகம் நெளியும் இடத்தில் சக்கரத்திலும், அதற்கு நேரே அச்சிலும் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மட்டும் கால் சுற்று திருப்பி, மறுபடி சுழற்றுங்கள். நெளிவு சக்கரப் புள்ளியோடு நகர்ந்தால் சக்கரத்தின் துளை கோணல். அச்சுப் புள்ளியிலேயே நின்றால் அச்சு வளைந்திருக்கிறது. வளைந்த அச்சை நிமிர்த்த மெனக்கெடாதீர்கள், மாற்றிவிடுங்கள். துளை கோணலான சக்கரத்தையும் அப்படியே.

சக்கரம் நல்லதாக இருந்து, பிடிப்பு மட்டும் தளர்ந்திருந்தால் ஒட்டலாம். மெதுவாக இறுகும் எபாக்சிப் பசையை ஊசி முனையில் எடுத்து அச்சில் தடவி, பேக்-டு-பேக் கேஜை இடையில் வைத்துச் சக்கரத்தை அதன்மேல் அழுத்தி, 24 மணி நேரம் விடுங்கள். கேஜில் முதலில் கொஞ்சம் மெழுகு பூசினால் அது ஒட்டிக்கொள்ளாது. சூப்பர் குளூ வேண்டாம், நேராக்குவதற்குள் இறுகிவிடும்.

சக்கரங்களின் உள்முக இடைவெளி கூடினால், பாயிண்டில் (தடம் இரண்டாகப் பிரியும் இடம்) தண்டவாளங்கள் சேரும் கூர்முனையில் விளிம்பு மோதும். குறைந்தால் சக்கரங்கள் காவல் தண்டவாளத்தை (பாயிண்டில் சக்கரத்தை வழிநடத்த உள்பக்கம் இருக்கும் துண்டுத் தண்டவாளம்) கவ்வி மேலே ஏறும். ஆடாத சக்கரமும் தடம் புரள்வது இதனால்தான்.

படி 4: தேய்ந்த ஓட்டை

2 மி.மீ. பிட்டைக் கையால் சுழற்றி ஓட்டையை அகலப்படுத்துங்கள். பவர் ட்ரில் கூடாது, வெளிப்பக்கம் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பழைய ஓட்டையின் கூம்பு வடிவமே பிட்டை மையத்தில் பிடித்துக்கொள்ளும். பிட் மேலோ கீழோ விலகினால் வேகன் சாய்ந்துபோகும். பித்தளை பியரிங்கைச் செருகி அச்சை மாட்டுங்கள். பக்கவாட்டில் 0.2 முதல் 0.3 மி.மீ. வரை அசைவு இருப்பதே சரி. இறுக்கமாக இருந்தால் துளையை ஒரு மயிரிழை ஆழப்படுத்துங்கள்.

எண்ணெய் விட வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கைப் பாதிக்காத வகையில் ஊசிமுனை அளவு போதும். அதிகமானால் தூசியைச் சேர்த்துக்கொண்டு தடையாகும். பியரிங் இல்லாத பிளாஸ்டிக் ஓட்டைக்கு கிராஃபைட் தூள் நல்லது.

படி 5: முறுக்கிய சேஸிஸ்

முதலில் உடலையும் சேஸிஸையும் இணைக்கும் ஸ்குரூவைத் தளர்த்திப் பாருங்கள். அளவுக்கு மீறி இறுக்கியதே பல வேகன்களில் காரணம். அதில் தீராவிட்டால் எடைத்தகட்டையும் சக்கரங்களையும் கழற்றி, கை பொறுக்காத சூட்டு நீரில் சேஸிஸைச் சிறிது நேரம் வையுங்கள். கொதிநீர் ஆகாது, உருக்குலைந்துவிடும். இடுக்கியால் எடுத்து, கையுறையோடு எதிர்ப்பக்கமாக மெல்ல முறுக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள்.

படி 6: சோதனை

வேகனின் மொத்த எடை சுமார் 50 கிராம், அதாவது அச்சுக்கு 25 கிராம் இருக்கட்டும். இதைவிட லேசான வேகன் சக்கரம் சரியாக இருந்தாலும் குதிக்கும். 1 மீட்டர் தண்டவாளத்தின் ஒரு முனையை 3 செ.மீ. உயர்த்தி வேகனை விடுங்கள். தள்ளாமலே உருள வேண்டும். நடுவில் நின்றால் எந்த அச்சு இறுக்கம் என்று தனித்தனியாகச் சுழற்றிப் பாருங்கள். கடைசியாக ஒரு பாயிண்டின் இரு பாதைகளிலும், முன்னும் பின்னுமாக, விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். எங்காவது தட்டினால் மறுபடி காலிப்பரை எடுத்து அந்த ஜோடியை அளக்க வேண்டும்.