மெடிக்கல் கவுண்டரில் கூச்சப்பட்டுச் செய்யும் தவறுகள்

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் சாயங்கால நேரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப் முன்னால் நின்று பாருங்கள். காய்ச்சல் மாத்திரை கேட்பவர் குரல் தெருவரை வரும். ஆணுறை வாங்க வந்தவரோ கூட்டம் கலையும்வரை இருமல் மருந்து விலையை விசாரித்துக்கொண்டிருப்பார். கடைசியில் காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததைப் பையில் திணித்துக்கொண்டு நடையைக் கட்டுவார். தேதி பார்த்தாரா? அதெல்லாம் எங்கே!

அதிகம் குழப்புவது அவசர கருத்தடை மாத்திரைதான். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போடவேண்டும் என்றதும் மூன்றாம் நாள் வரை தவணை இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். தவணை இல்லை, மணிக்கு மணி பலன் குறையும். சீட்டு இல்லாமல் விற்கலாம் என்றாலும் தமிழ்நாட்டில் பல கடைகளில் "ஸ்டாக் இல்லை" என்பார்கள். அதற்காகப் பாண்டிக்கு பஸ் ஏறுவதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த மூன்று நாள் கடந்துவிட்டால், உறவு நடந்து ஐந்து நாளுக்குள் அரசு மருத்துவமனையில் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி போட்டுக்கொள்ள வழி உண்டு. மாத்திரையைவிட அது உறுதியானது.

மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி போடவேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு இது சரியாக வேலை செய்யாது. இது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அதனால் அடுத்த நாள் உறவுக்கு இது காவல் இல்லை. ஏற்கெனவே தரித்த கருவையும் கலைக்காது.

கலைப்பதற்கான மாத்திரை வேறு. அதை டாக்டர் பார்க்காமல் வாங்கித் தரும் 'உதவி' ரொம்ப ஆபத்தானது. கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரையால் ஒன்றும் ஆகாது. குழாய் வெடித்தால் உயிருக்கே வினை.

ஆணுறையில் தவறு வாங்கிய பிறகு நடக்கிறது. பர்ஸிலும், வெயிலில் காயும் வண்டிப் பெட்டியிலும் மாதக்கணக்கில் கிடந்தால் ரப்பர் நைந்துவிடும். நம் ஊர் சித்திரை வெயில் போதும் அதற்கு. தேங்காய் எண்ணெய் தடவினாலும் கிழியும். தண்ணீரில் கரையும் ஜெல்தான் சரி. இரண்டு சேர்த்துப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்பவர்களும் உண்டு. ஒன்றோடொன்று உரசிக் கிழிவதுதான் மிச்சம்.

கர்ப்பம் பார்க்கும் கிட்டை மாதவிடாய் தள்ளிப்போன பிறகு, காலை முதல் சிறுநீரில் பாருங்கள். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் கோடுதான். அரை மணி கழித்து எடுத்துப் பார்த்து நெஞ்சு படபடக்க வேண்டாம். அட்டையில் சொன்ன நிமிடத்தோடு சரி.

காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்பதும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரோத் ஆணுறை, மாலா-என், சாயா என்ற கருத்தடை மாத்திரைகள் எல்லாம் இலவசம். சாயாவில் ஒரு கணக்கு இருக்கிறது: முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரம் ஒன்று. தினம் ஒன்று என்று விழுங்காதீர்கள்.

சுவரொட்டியில் வரும் 'பவர் கேப்சூல்' பற்றியும் ஒரு வார்த்தை. மூலிகை என்று விற்கும் இவற்றில் சிலவற்றில் ஆண்மைக் குறைவுக்கு டாக்டர் எழுதித் தரும் சில்டெனாஃபில் ரகசியமாகக் கலந்திருந்து பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துக்கொள்பவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கிவிடும். வீட்டில் இதய நோயாளி இருந்தால் முதலில் அவரிடம் இதைச் சொல்லிவையுங்கள்.